நான் ஊற்றிக் கொடுத்த ஒரு பேணிப் பால்

நான்கு வருடங்களுக்கு முன்பு, புங்குடுதீவில், எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் தொடங்கியது இது. ஒரு தடவை உட்கார்ந்து எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாம் தடவை.

எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கறவைப் பசு நிற்கும். எனக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. மாட்டை மனைவியும் நானுமாகப் பார்த்துக்கொள்வோம். வீட்டுத் தேவை போக மிச்சப் பாலை அயலில் ஏழு வீடுகளுக்குப் போத்தலில் கொடுப்போம். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராத பால் என்று ஊரில் எங்களுக்குப் பெயர். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர் முதலில் எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சிரிப்பீர்கள், ஆனால் சங்கக்கடை வேலையைவிடப் பெரிதாக இருந்தது.

பழைய பசு பால் வற்றி நின்றுவிட்டது. வன்னிப் பக்கம் போய் ஒரு சினைப் பசுவைப் பார்த்து வந்தேன். செந்நிறம், நெற்றியில் வெள்ளை, நல்ல மடி. விற்றவரை எனக்கு முன்பின் தெரியாது.

"இஞ்சருங்கோ, மிருக வைத்தியரிட்டக் காட்டி இரத்தம் சோதிச்சுப்போட்டு வாங்குவம்" என்றார் மனைவி.

"எத்தினை மாடு வளர்த்தனான். மடியைப் பார்த்தே எனக்குச் சொல்ல ஏலும்" என்றேன்.

வாங்கினேன். ஆவணி மாதம், கன்று போட இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு விடியற்காலை அந்தப் பசு கன்றைப் போட்டுவிட்டது. மயிர்கூடச் சரியாக முளைக்காத, உயிரில்லாத கன்று. நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை. நானும் மனைவியும் வெறுங்கையாலேயே எல்லாவற்றையும் துப்புரவாக்கிக் காணியின் மூலையில் கிடங்கு வெட்டித் தாட்டோம். மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும் என்று மனைவி இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. சோதிக்காமல் வாங்கினேன் என்பது வெளியே வந்துவிடும். பாலும் வேண்டாம் என்பார்கள். கேட்டவர்களிடமெல்லாம், "நாள் நிரம்பித்தான் போட்டது, கன்று செத்துப் பிறந்திட்டுது" என்று சொல்லி வைத்தேன். மாடு கொண்டுவந்தபோது அது எத்தனை மாதச் சினை என்று யாரும் கேட்கவில்லை. அதனால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

பசு கறந்தது. ஆடை விரற்கடை தடிப்பில் விழும் பால். எனக்கு எல்லாம் மறந்துபோனது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பஸ் சாரதி இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகும் முதல் பஸ் அவருடையது. நேரத்துக்குச் சாப்பிடாமல் ஓடித் திரிந்ததில் அவருக்கு வயிற்றில் புண். விடிய எழும்பிச் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது எங்கள் கொட்டிலடியில் இறங்குவார். கறந்த சூட்டோடு, காய்ச்சாத பால் ஒரு தகரப் பேணி நிறையக் குடிப்பார். "இது குடிச்சாத்தான் அண்ணை எரிவு அடங்குது" என்பார். அந்த ஒரு பேணிக்கு நான் காசு வாங்கியதில்லை. அவர் பஸ்ஸில் எனக்கும் முன் சீற்று எப்போதும் இருக்கும். அப்படி ஒரு பழக்கம்.

ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் விடும், திரும்ப வரும். பின்னேரமானால் நடுங்கும், பிறகு உடுப்பெல்லாம் நனைய வியர்க்கும். எல்லோரும் டெங்கு என்றார்கள். அது இல்லை. பிறகு முதுகு வலி தொடங்கியது. ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்.

கார்த்திகையில் ஒரு மழை நாள் காலை, யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்து எங்கள் படலையடியில் இறங்கினார். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. கூட்டிவந்தவர் படலைக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றுகொண்டார்.

"நீர் ஏன் தம்பி உந்த மழைக்குள்ள வந்தனீர்?" என்றேன்.

"ஒண்டு கேக்கத்தான் அண்ணை. டொக்டர் என்னட்டப் பச்சைப் பால் குடிக்கிறனீரோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். அப்ப அந்த மாடு நாள் நிரம்பாமக் கன்று வீசினதோ எண்டு விசாரிச்சுக்கொண்டு வரச் சொன்னவர். மாட்டிலயிருந்து வாற ஒரு காய்ச்சல் இருக்காம். இதுக்கெண்டு தனிய இரத்தம் கொழும்புக்கு அனுப்பவேணுமாம்."

குசினிக்குள் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

எனக்கு அந்த நேரம் எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. ஏழு வீட்டு முகங்களும் எனக்கு முன்னால் வந்தன. மூன்று மாதமாகச் சொல்லி வந்த பொய்யும் வந்தது.

"இல்லைத் தம்பி" என்றேன். "நாள் நிரம்பித்தான் போட்டது. கன்று மூச்சில்லாமல் பிறந்தது, அவ்வளவுதான்."

அவர் ஒரு பாரம் இறங்கினதுபோல மூச்சு விட்டார். "அப்ப சரி அண்ணை. நானும் உங்கட மாட்டில பிழை இராது எண்டுதான் சொன்னனான்."

போகத் திரும்பினவர் நின்றார். கறந்த வாளி கொட்டில் வாசலில் இருந்தது.

"ஒரு பேணி தாங்கோவன். கன நாளாப் போச்சு."

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். பேணியை எடுத்து, வாளிக்குள் விட்டு, நிரப்பிக் கொடுத்தேன். அவர் நின்ற நிலையில் குடித்து முடித்தார். மழைக்குள் போனார்.

மனைவி குசினியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார். அடுத்த நாள் காலை பால் கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும், "நல்லாப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மாடு அப்படி ஒன்றும் செய்யவில்லையாம் என்று சாரதி டொக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அதனால் அவர்கள் வேறு வேறு நோய்களைத் தேடியிருக்கிறார்கள். மார்கழியில் அவரால் எழும்பி நிற்கவே முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் வார்ட்டில் போட்டார்கள்.

அதே மார்கழிக் கடைசியில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. பின்னேரம் நடுக்கம். பிறகு வியர்வை. மூன்றாம் நாள், அவருடைய சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அவர் காய்ச்சாத பாலைத் தொட்டதேயில்லை. ஆனால் அந்தக் கன்றையும் நஞ்சுக்கொடியையும் என்னோடு சேர்ந்து வெறுங்கையால் அள்ளியவர்.

அன்றே போய் மிருக வைத்தியரைக் கூட்டி வந்தேன். இளம் பெண். மாட்டின் இரத்தம் எடுத்தார். பிறகு கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாலை எடுத்து ஊதா நிற மருந்து கொஞ்சம் விட்டு, சூடாக ஓரிடத்தில் வைத்தார். ஒரு மணித்தியாலம் கழித்துக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஆடை சேரும் இடத்தில், மோதிரம்போல, ஊதா வளையம் ஒன்று நின்றது.

"பால் நல்ல பால்தான் ஐயா" என்றார். "தண்ணி ஒரு துளி இல்லை. ஆனா கிருமி இருக்கு. இதை ஆராவது காய்ச்சாமல் குடிச்சவையோ?"

மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கன்றைப் பற்றி எல்லாம் சொல்லி, மருந்து தொடங்கிய பிறகு, அடுத்த நாள் யாழ்ப்பாணம் போனேன். வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில், பின் சீற்றில் இருந்து போனேன்.

சாரதி மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி பெட்சீற்றை மடித்துக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"எப்ப போட்டது?" என்று கேட்டார்.

"ஆவணியில. ஏழு மாசச் சினையில."

"நான் வந்து கேக்கேக்க உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அண்டைக்கும் தந்தனீங்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு மெல்ல, இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தத் திரும்பலுக்கு அவர் பட்ட வலியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய மனைவி பெட்சீற்றைக் கீழே வைத்தார். "அண்ணை, முதல்ல டொக்டரிட்டப் போய்ச் சொல்லுங்கோ. மற்றதெல்லாம் பிறகு" என்றார்.

டொக்டர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். "இது ஒரு மாதத்துக்கு முந்தித் தெரிஞ்சிருந்தால்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இரத்தம் கொழும்புக்குப் போய் வந்தது. அதேதான். கிருமி முள்ளந்தண்டில் இறங்கி எலும்பைத் தின்றிருந்தது.

ஊசியும் குளிசையுமாக மாதக்கணக்கில் மருந்து. என் மனைவி ஆறு வாரத்தில் தேறிவிட்டார். சாரதி சித்திரையில்தான் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் எலும்பு பழையபடி வராது என்றார்கள். பஸ் ஓட்ட முடியாது.

மாட்டை விற்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். கொல்லும் ஊசி போட்டார்கள். கயிற்றை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் கையை நக்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏழு வீடுகளுக்கும் தனித்தனியாகப் போய் நடந்ததைச் சொன்னேன். மனைவி சொல்வதற்கு முன்பிருந்தே எல்லோரும் காய்ச்சியே குடித்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தார். அவருக்குப் பிள்ளை சுகமாகப் பிறக்கும் வரை அந்த வீட்டுத் தகப்பன் என்னோடு பேசவில்லை. பிறந்த பிறகும் பேசவில்லை.

சாரதிக்கு இப்போது குறிகட்டுவான் துறையடியில் படகுக்கு ஆட்களை வரிசைப்படுத்தும் சின்ன வேலை ஒன்று. அதிக நேரம் இருக்க ஏலாது, அதிக நேரம் நிற்கவும் ஏலாது. மதில் ஒன்றில் சாய்ந்துகொண்டு நிற்பார். போன வருடம் நயினாதீவுக்குப் போகும்போது கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்க வாய் வரவில்லை.

"நீங்கள் வந்து சொன்னபடியால்தான் அண்ணை இண்டைக்கு நடந்து திரியிறன்" என்றார். படகு வந்துவிட்டது, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மனமாரச் சொன்னாரா, என்னை அனுப்பிவைக்கச் சொன்னாரா தெரியாது. ஆனால் நான் வாய் திறந்தது அவர் படுக்கையில் விழுந்ததால் அல்ல, என் வீட்டுக்குள் காய்ச்சல் வந்ததால். அது வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று என்னை நானே கேட்கும்போது, தெரியாது என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம், ஆனால் தெரியும்.