நான்காவது நட்

சாச்சா மௌத்தாகிவிட்டார் என்று தெல்தெனியவிலிருந்து என் கூடப்பிறந்த நானா போன் செய்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். விடியற்காலை சுபஹு தொழுகைக்கு எழும்பவில்லையாம். எழுப்பப் போன சாச்சி போட்ட சத்தத்தில்தான் வீட்டாருக்கே தெரிந்ததாம். நானா அழவில்லை. அவர் அழுகிற ஆள் இல்லை.

"பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கறதுக்குப் பேசியீக்கிது. முகம் பார்க்கறதெண்டா கெதியா வந்து சேருங்க" என்றார்.

எங்களில் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதும் இல்லை. வீட்டிலிருந்து ஜனாஸாவைத் தூக்கிவிட்டால் ஆண்களுக்கு இன்னும் பள்ளிவாசல் இருக்கிறது, தொழுகை இருக்கிறது, மண் போடுவது இருக்கிறது. எங்களுக்கு அவ்வளவுதான். அதனால்தான் எங்கள் பெண்கள் செத்த வீட்டுக்கு ஓடுகிற ஓட்டம் அப்படி இருக்கும்.

என்னைப் பெற்ற வாப்பாவுக்கு நான் அப்படி ஓட முடியவில்லை. அவர் மௌத்தானபோது நாங்கள் கட்டாரில் இருந்தோம். டிக்கெட் கிடைத்து, விமானம் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி வீட்டு வாசலில் இறங்கியபோது, அடக்கி முடித்து வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு படமாவது எடுத்து வைத்தீர்களா என்று நானாவிடம் கேட்டேன். மய்யித்தைப் படம் எடுக்கிறதா என்று ஏசினார். அவர் ஏசியது சரிதான். ஆனால் எனக்கு வாப்பா இன்றைக்கும் விமான நிலையத்தில் கையசைத்துக்கொண்டுதான் நிற்கிறார். அவர் போய்விட்டார் என்பதை என் கண் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாச்சா வாப்பாவின் தம்பி. ஒரே மூக்கு, ஒரே நெற்றி. சிரித்தால் மேலுதடு ஒரு பக்கம் மட்டும் ஏறும், அதுவும் ஒரே மாதிரி. வாப்பா போன பிறகு சாச்சா வீட்டுக்கு வந்தால் நான் அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர் பேசுவதில் பாதி காதில் ஏறாது. பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே அன்றைக்கு என் அவசரம் என்னவென்று மறைப்பதற்கில்லை. வாப்பாவிடம் பார்க்காமல் விட்ட முகத்தைத் தம்பியிடமாவது பார்த்துவிட வேண்டும். அஸருக்குள் போக வேண்டும்.

கணவர் கண்டியில் கடையைச் சாத்திவிட்டு வந்து சேர நண்பகல் தாண்டி லுஹர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. வந்த மனுஷன் குளித்தார், வெள்ளைச் சட்டை போட்டார், காஸ் சிலிண்டரை மூடினார், மூடியதைத் திரும்பத் தொட்டுப் பார்த்தார், கதவைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். கேட் வரை வந்தவர் மறுபடி போய் இழுத்தார். இவருக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது, தன் கையைத் தவிர. அந்தக் கையையும் இரண்டு தடவை சோதித்துத்தான் நம்புவார்.

எங்கள் கார் எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது. ஜப்பானில் ஓடி முடித்து, கொழும்பில் ஓடி முடித்து, எங்களிடம் வந்து ஓய்வெடுக்கலாம் என்று நினைத்த கார். அதை ஓய்வெடுக்க விடாமல் கழுவித் துடைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். சில வாரங்களுக்கு முன்னால்தான் டயர்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். கடையில் காற்று மெஷினால் நட்டுகளை இறுக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு அது போதாது. ஹுன்னஸ்கிரிய வளைவில் ஒரு வேனுடைய சில்லு கழன்று வேனுக்கு முன்னாலேயே உருண்டு போன கதையை யாரிடமோ கேட்டிருந்தார். வீட்டு முற்றத்தில் வைத்து ஒவ்வொரு நட்டிலும் ஸ்பெனரைப் போட்டு, அதன் கைப்பிடி மேல் ஏறி நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்தார். நான் ஜன்னலால் பார்த்துச் சிரித்தேன்.

திகனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். கார் இடது பக்கமாகச் சாய்ந்து நொண்டத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆணியோ கல்லோ, இனிப் பார்த்து என்ன.

"பயப்படாதீங்க புள்ள. ஸ்பெயார் வீல்ல காத்து நல்லா ஈக்கிது. ஒரு நொடி" என்றார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு குந்தினார்.

காரைத் தூக்குவதற்கு முன்னால் நட்டுகளை இளக்க வேண்டும், இல்லாவிட்டால் சில்லு சுற்றும் என்று எனக்கு ஒரு பாடம் நடத்தினார். முதலாவது நட் முனகிவிட்டு வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அவர் கழுத்து நரம்பு புடைத்த பிறகு வந்தன. நான்காவது வரவில்லை. கையால் இழுத்தார். காலால் மிதித்தார். ஏறி நின்று குதித்தார். ஸ்பெனர் வளைகிற மாதிரி இருந்ததே தவிர நட் அசையவில்லை. இவர் விடாக்கண்டன், அது கொடாக்கண்டன்.

"யாரு இப்படி இறுக்கினது?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"கடைக்காரன்தான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நானா போன் பண்ணினார். "எங்க ஈக்கிறீங்க? குளிப்பாட்டி முடிஞ்சி. கபன் துணி சுத்தப் போறாங்க."

"டயர் போயிட்டு நானா. இந்தா மாத்துறாங்க."

"இப்பவா டயர் போற?" என்றார், டயரை நான் ஏவிவிட்டது போல.

எனக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மதகுக் கட்டில் உட்கார்ந்தேன், எழும்பினேன், ரோட்டோரமாக நடந்தேன். முச்சக்கர வண்டிகளுக்குக் கை காட்டினேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். எல்லாவற்றிலும் பிள்ளைகளும் புத்தகப் பைகளும் அடைந்து கிடந்தன. அவர் ஸ்பெனரைத் தட்டுகிற ஒவ்வொரு சத்தமும் என் பல்லில் விழுந்தது. உதவிக்கு யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பேர் தாமாகவே நிறுத்திக் கேட்டார்கள். தேவையில்லை, முடிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொல்லி, சிரித்த முகத்தோடு அவர்களை அனுப்பிவைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த நட்டை நானே கடித்துக் கழற்றியிருப்பேன்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, புள்ள" என்றார்.

"ஆத்திரம் எனக்கு. புத்தி ஒங்களுக்கு ஈக்கோணுமே, எங்க அது?" என்றேன்.

அந்த நேரத்தில்தான் தெல்தெனியப் போகிற பஸ் ஒன்று வந்தது. கை காட்டினேன், நின்றது. கொண்டக்டர் கெதியாக ஏறச் சொல்லிக் கத்தினார். கணவரை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடுவது என்றே முடிவு செய்து ஒரு காலைப் படியில் வைத்தேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அசைஞ்சிட்டு! புள்ள, அசைஞ்சிட்டு! வாங்க, வாங்க!"

காலை எடுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. ஓடி வந்து பார்த்தால் அசைந்தது நட் இல்லை. ஸ்பெனர்தான் நட்டின் முனையைத் தேய்த்துக்கொண்டு வழுக்கியிருக்கிறது. அவர் அந்தத் தேய்ந்த முனையைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். சட்டை முன்பக்கம் முழுக்கக் கறுப்பு. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏசுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ரோட்டில் நின்று அழுதேன்.

எதிர்ப் பக்கம் பெரிய குடைக்குக் கீழே ஒரு பெண் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பக்கத்துப் பேச்சு. வந்ததிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க்கா அழுவுறீங்க? டயருதானே போச்சு."

"சாச்சா மௌத்து. வாப்பாட தம்பி. அஸருக்கு எடுத்திருவாங்க. முகம் பாக்கணும்."

அவள் குடை, நிலத்தில் அடித்திருந்த ஓர் இரும்புக் குழாய்க்குள் நின்றுகொண்டிருந்தது. குடையைத் தூக்கிக் கீழே சாய்த்தாள். குழாயை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். "இந்தாங்க, இத கைப்பிடியில மாட்டி அமுக்கச் சொல்லுங்க. லொறிக்காரங்க இப்படித்தான் செய்வாங்க" என்று நீட்டிவிட்டு, பழக்கூடைக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு வெயிலில் நின்றாள்.

என் ஆள் குழாயைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

தேய்ந்த முனையில் ஸ்பெனரைச் சுத்தியலால் அடித்து இறுக உட்காரவைத்தார். குழாயைக் கைப்பிடியில் செருகினார். கைப்பிடி இப்போது ஓர் ஆள் நீளத்துக்கு நீண்டுவிட்டது. குழாயின் நுனியில் ஏறி நின்றார். கார் ஆடியது, நட் ஆடவில்லை. அவர் ஒல்லி. அது அன்றைக்குத்தான் ஒரு குறையாகத் தெரிந்தது.

"தள்ளுங்க" என்றேன். அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் தோளைப் பற்றி, நானும் ஏறினேன். பஸ்ஸிலும் லொறியிலும் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஓர் இரும்புக் குழாயின் மேல் நின்றோம்.

"நான்தான் இறுக்கினது" என்றார் என் காதுக்குப் பக்கத்தில்.

"தெரியும். குதிங்க."

குதித்தோம். டொக் என்று ஒரு சத்தம். எலும்பு முறிந்தது போலக் கேட்டது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். நட் இளகிவிட்டது. எதிர்ப் பக்கம் அந்தப் பெண் கை தட்டினாள். அவர் ஜாக்கை வைத்துத் தூக்கி, சில்லை மாற்றி, நட்டுகளை முறுக்கினார். முறுக்கிவிட்டு, மறுபடி இறுக்காமல் ஸ்பெனரைக் கீழே வைத்தார். அவர் வாழ்க்கையில் அப்படிச் செய்ததை நான் பார்த்ததில்லை. நான் குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குச் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை.

தெல்தெனிய டவுனுக்குள் நுழையும்போது அஸர் பாங்கு சொல்லி நெடுநேரமாகியிருந்தது. சாச்சா வீட்டு வாசலில் பெண்கள் நின்ற நிற்பிலேயே தெரிந்துவிட்டது. உள்ளே கட்டில் வெறுமையாகக் கிடந்தது. சந்தனக்கட்டை வாசமும் கற்பூர வாசமும் மட்டும் இருந்தன. சாச்சி என்னைக் கட்டிப்பிடித்து, "எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருந்தோம் மகள்" என்றார். நான் அந்தக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவையும் பிந்திவிட்டேன் என்பதைத் தவிர எனக்குள் வேறொன்றும் ஓடவில்லை.

வாசலில் கார் திரும்புகிற சத்தம் கேட்டது. "வாங்க புள்ள, ஏறுங்க" என்றார் அவர்.

பள்ளி தெருமுனையில். அதன் பக்கவாட்டுக் கேட்டோடு என்னை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். தொழுகை முடிந்து, சாச்சாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றப் போகிற நேரம். வரிசையாக வெள்ளை உடுப்புகள், நடுவில் என் ஆள், நெஞ்சு முழுக்கக் கறுப்போடு. பழக்காரி நீட்டிய குழாயை வாங்கக் கூசிய மனுஷன். பழக்கமில்லாத கடையில் விலை கேட்கவும் என்னை அனுப்புகிற மனுஷன். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, குரல் உடைய, சத்தமாகக் கேட்டார்.

"என்ட பொஞ்சாதி வெளிய நிக்கிறா. அவட வாப்பாட முகத்தயும் பாக்கக் கெடைக்கல்ல. பிந்தினது என்ட பிழை. ஒரு நிமிஷம் வையுங்க, அல்லாஹ்வுக்காக."

யாரோ முணுமுணுத்தார்கள். பெரியவர் ஒருவர் கையமர்த்தினார். ஆண்கள் விலகிப் போனார்கள். சந்தூக்கைப் பக்கத்து விறாந்தையில் இறக்கினார்கள். நானா வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், குனிந்து, கபனின் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்தார். துணியை விலக்கினார்.

வாப்பாவைத்தான் தேடினேன். மூக்கு அதேதான், நெற்றியும் அதேதான். ஆனால் அந்த மேலுதடு ஏறவில்லை. சிரிப்பு போனதும் அந்தச் சாயலும் போய்விட்டது. வலது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தும் அதை நான் கண்டதில்லை. காதோரம் சவரம் படாமல் விட்ட நரை மயிர். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாதவருடைய பை. இது வேறொரு மனுஷர். என் வீட்டுக்கு வந்து, நான் கேட்காத கதைகளையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போன மனுஷர்.

"சாச்சா" என்றேன். காலையிலிருந்து அவருக்காக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"போதும் தங்கச்சி. மூடுவோம்" என்றார் நானா.

"இன்னும் கொஞ்சம் நானா. இப்பதான் பாக்கிறன்" என்றேன்.

மூடிவிட்டார்கள்.