பின்சீட்டுக் கதவு

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் என் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு சவாரி வந்து பார்க்கலாம். நான் இன்னும் வாடகைக் கார்தான் ஓட்டுகிறேன்.

எங்கள் முதலாளியிடம் கல்யாணத்துக்கு விடும் நீளமான கறுப்புக் கார்கள் இரண்டு இருந்தன. அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். ஒன்று நல்லது. மற்றதில் பின்கதவு சிக்கிக்கொள்ளும். அதைச் சரிசெய்யவே மாட்டான். வண்டிக்குத் தகுதிச் சோதனை வந்தால், கெட்ட வண்டியின் நம்பர் பலகையைக் கழற்றி நல்ல வண்டியில் மாட்டிக் காட்டுவான். சான்றிதழ் வந்துவிடும். அந்த மகராசன் மட்டும் நல்ல வண்டியில்தான் ஏறுவான்.

கெட்ட வண்டியை ஓட்டியது என் தம்பி. ஒரு நாள் பின்னால் ஒயர் கருகிப் புகை மண்டியது. உள்ளே கல்யாணப் பெண்ணின் தங்கை தனியாக இருந்தாள். தம்பி கண்ணாடியை உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டிக்குச் சான்றிதழ் இருக்கிறது, டிரைவர்தான் கவனிக்கவில்லை என்று முதலாளி கையை விரித்தான். தம்பி ஜெயிலுக்குப் போனான். பலகை விஷயத்தை அவன் அக்கா நான் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என்றாவது சிக்குவான் என்றுதான் வேலையை விடாமல் இருந்தேன்.

அதே வண்டிக்குப் புது சீட் போட்டு, மறுபடி சோதனை. மறுபடி அதே பலகை வித்தை; போனது நல்ல வண்டி. டிரைவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் முதலாளியே வண்டியை உள்ளே ஓட்டிப் போனான்; நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

மாலை 3.40. முதலாளி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"பாஸ் ஆயிடுச்சும்மா. உன் தம்பிதான் பாவம்."

நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே ஓட்டினேன்.

பாலம் தாண்டியதும் கருகின வாடை. எஞ்சினில் சூடில்லை. ஒயரெல்லாம் சரி...

டொக்.

பின்னால் கதவு தட்டும் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

நடுக்கண்ணாடி வழியே பார்த்தேன். முதலாளி தொண்டையைப் பிடித்துக்கொண்டு கதவைப் பிறாண்டினான்.

"திற... கதவத் திற!"

"பூட்டவே இல்லய்யா!" என்று கத்தினேன்.

ஓரங்கட்டினேன். ஓடினேன்.

ஒரு விரல்தான் வைத்தேன். கதவு திறந்தது.

உள்ளே புகையே இல்லை.

அவன் மூச்சும் இல்லை.

நெஞ்சு முழுக்கப் புகை என்றார் டாக்டர். வண்டியைப் பிடித்துவைத்த போலீஸ், பலகை ஒரு வண்டியுடையது, எஞ்சின் நம்பர் இன்னொரு வண்டியுடையது என்று கண்டுபிடித்தது. சான்றிதழ் மோசடி அதில் வெளிப்பட்டுத் தம்பி வெளியே வந்தான். அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் சோதனை அதிகாரி என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். அன்றைக்கு முதலாளியோடு வந்த பெண் யார் என்று.

யாரும் வரவில்லை என்றேன்.

"பின்சீட்லயே உக்காந்திருந்துச்சேம்மா. நான் சோதிக்கும்போது அதுவும் ஒவ்வொரு கதவையும் தொறந்து தொறந்து பாத்துச்சு."

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"கடைசியா, 'இதுதான் தொறக்குற வண்டியா?'ன்னு கேட்டுச்சு."