என் கோட்டைக்குக் காவல்

மஸ்கெலியா படிப்பகத்துக்கு வருகிற நண்பர்களுக்கு, இன்று மதியம் நடந்ததை இந்தப் பலகையில் குத்தி வைக்கிறேன்.

ஞாயிறுதோறும் தேயிலைப் பெட்டிப் பலகையில் நானும் செல்வமும் ராஜனும் விளையாடும் போர் ஆட்டம் உங்களுக்குத் தெரியும். தேயிலைக் கொட்டைகள்தான் படைவீரர்கள். எல்லோரும் கட்டளையைச் சீட்டில் எழுதி, ஒன்றாகப் பிரிப்போம். பிரித்த பிறகு மாற்ற முடியாது.

ராஜனின் கோட்டையை நானும் செல்வமும் இரு பக்கமிருந்தும் தாக்குவதாக ஏற்பாடு. ஒரு வாரத் திட்டம்.

சீட்டுகளைப் பிரித்தோம். செல்வத்தின் வீரர்கள் அனைவரும் என் கோட்டைக்குள் போவதாக எழுதியிருந்தது.

தனியாகப் போன என் படை முழுவதும் அழிந்தது. ராஜன் சிரித்தான்.

"துரோகி, என்னைய மாட்டி விட்டுட்டியேடா!" என்று கத்தினேன்.

செல்வம் கொட்டைகளை ஒவ்வொன்றாக என் கோட்டைக்குள் நகர்த்தினான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் இருக்க மாட்டேன் மச்சான். இந்தியாவுக்கே போயிரச் சொல்லி எங்க வீட்டுக்கு அரசாங்கக் கடிதாசி வந்திருச்சு. புதன்கிழமை ஹட்டன்ல ரயில் ஏறுறோம். ஒன் கோட்டைய இவன் புடிச்சிருவான்ல? அதான் காவலுக்கு ஆள் அனுப்புனேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லத்தான் தெனம் வந்தேன். நீ தாக்குதலப் பத்தியே பேசிக்கிட்டு இருந்த."

ராஜனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

ஆட்டத்தில் ஒரு விதி சேர்த்திருக்கிறோம். யாருக்காவது கடிதம் வந்திருந்தால், சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வேறு யாருக்கெல்லாம் வந்திருக்கிறது? கீழே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு தாள் குத்துகிறேன்.