தோடிக்கு மூன்று கட்டு

மகளின் கல்யாணப் பத்திரிகை உறைகளை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாசம் எழுந்ததும், சிறுமியாக லீவு நாட்களில் நான் உட்கார்ந்திருந்த தகரக் கொட்டகை திரும்பி வந்தது. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் அம்மா லேபிள் ஒட்டிய அந்தக் கொட்டகை இன்று இல்லை. வெடிமருந்து இருக்கும் இடம் என்பதால் ரேடியோவை வாட்ச்மேன் அறையில்தான் வைத்திருப்பார்கள், அவ்வளவு தூரத்திலிருந்து கச்சேரி காற்றோடு பாதிதான் வரும், ஆனால் அறிவிப்பாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு, "அடுத்து... ராகம் தோடி... தாளம் ஆதி" என்பது மட்டும் முழுதாக வந்து சேரும், அதை வைத்தே பெண்கள் வேலையை அளந்தார்கள்: தோடி என்றால் நின்று நிதானமாகப் பாடுவார்கள், மூன்று கட்டு லேபிள் ஒட்டலாம், மோகனத்துக்கு ஒன்றுதான்.

இன்று என் கைபேசி வானொலியில் தொகுப்பாளினி, "ஹாய் ஃபிரண்ட்ஸ், மனசுக்கு இதமா ஒரு சூப்பர் கிளாசிக்கல் டிராக்!" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்தில் உறை ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"ராகத்தச் சொல்லலையேட்டி. எம்புட்டு ஒட்டணும்னு எப்படித் தெரியும்?"

அதற்குள் பாடகர் ஆலாபனையைத் தொடங்கினார். அம்மா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சொல்லாட்டிப் போறா. தோடிதான். மூணு கட்டு எடுத்து இங்கன வையி."

பாட்டு முடிந்தபோது மூன்றாவது கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.