அந்த வண்டியை நிசார் நானா தெரிவு செய்யவில்லை

நிசார் நானா மௌத்தாகிவிட்ட செய்தி எங்கள் தோட்ட நலன்புரிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. இரண்டாம் பாடவேளை முடிந்து கைப்பேசியைப் பார்த்தேன். ரோஜாப்பூக்கள் நிறைந்த ஒரு படம். நடுவே, "எமது சங்கத்தின் உற்ற நண்பர், மாவனல்லை நிசார் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்." அனுப்பியவர் சங்கத்தின் தலைவர். கீழே வரிசையாகக் கைகூப்பும் சின்னங்கள். சற்று நேரத்தில் தலைவர் எனக்குத் தனியாகவும் எழுதியிருந்தார்: "மாஸ்டர், நம்ம ஆண்டு மலருக்கு அவரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நல்லா எழுதுங்க."

இதுதான் அந்த இரண்டு பக்கம். ஆண்டு மலரில் இது வராது. அவரை அறிந்தவர்கள் எங்கேயாவது படிக்கட்டும்.

மாவனல்லையில் கண்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அவருடைய கராஜ் இருந்தது. பழைய ஜீப், டபுள் கேப் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் அவரைத்தான் அழைத்துப் போவார்கள். கழுவித் துடைத்து நிறுத்திய வண்டியை அவர் பார்க்கவே மாட்டார். "கழுவினா எண்ணெய் ஒழுகின எடம் எப்படித் தெரியும்? சேறோட கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் இனிமையான மனிதர் அல்ல. வண்டிக்காரன் மூஞ்சிக்கு நேரே, "இத ஏன் விக்கிறீங்க, பொதைக்கிறதுதானே" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வெளிநாட்டு நல்லெண்ணக்காரர்கள் ஒரு கேரவன் தந்தார்கள். உள்ளே பரிசோதனைக் கட்டில், விளக்கு, கைகழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. அதைத் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் இழுத்துப் போனால், பால் வெட்டும் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. மிட்வைஃப் புஷ்பா மிஸ்ஸி பல காலம் கேட்டு வாங்கிய உதவி அது. இழுப்பதற்கு ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. நான் செயலாளர். நிசார் நானாவைக் கூப்பிடலாம் என்று சொன்னவன் நான்தான்.

வந்தவர் முதலில் கேரவனுக்கு அடியில் படுத்தார். எழுந்து முழங்கையைத் துடைத்தபடி சொன்னார்: "இதுக்கு பிரேக் பேருக்குத்தான் ஈக்கு மாஸ்டர். இழுக்குறத எந்த வண்டியும் இழுக்கும். எறக்கத்துல பின்னால உள்ளது முன்னால உள்ளதத் தள்ளும். அப்ப யாரு புடிக்கிற? வண்டி இதவிடப் பாரமா இருக்கணும். லோ கியர் இருக்கணும். கொக்கி சேஸியில புடிச்சிருக்கணும், பம்பர்ல இல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் மூன்று பஸ் மாறிக் கொடகவெல போனோம். தேயிலைச் சிறுதோட்டம் வைத்திருந்த ஒரு சிங்களவர் தன் பழைய டபுள் கேப்பை விற்க இருந்தார். மங்கிய பச்சை. ஒரு கதவு மட்டும் வேறு நிறம். பார்க்கவே எனக்குச் சப்பென்றிருந்தது. நானா ஒரு மணி நேரம் அதற்கு அடியில் கிடந்தார். சேஸியைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். கியர் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு செங்குத்தான தோட்டப் பாதையில் ஏற்றி, லோ கியரில் இறக்கினார். "காலத் தூக்கிட்டேன், பாருங்க." இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் மடித்துக்கொண்டார். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் தானாக இறங்கியது. நான் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "இதுதான் மாஸ்டர் உங்கட வண்டி."

அடுத்த வாரம் தலைவர் எங்கள் இருவரையும் கேகாலையில் தன் மச்சானின் வாகன விற்பனை நிலையத்துக்கு அழைத்துப் போனார். பளபளக்கும் வெள்ளை ஜீப். ஆட்டோ கியர். உள்ளே வாசனைத் திரவம் அடித்திருந்தார்கள். நானா எஞ்சினைக்கூடத் திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைக் கடைசி முனைவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த வண்டல், கோடு போட்டமாதிரி.

"வெள்ளத்துல முழுகின வண்டி. வயரெல்லாம் உள்ளுக்குள்ள அழுகிக்கிட்டு ஈக்கும். லோ கியரும் இல்ல. வேணாம்."

"பெல்ட்டு அழுக்கா இருந்தா மாத்திக்கலாங்க நானா" என்றார் தலைவர். "வெளிநாட்டுக்காரங்க வந்து பாக்குறப்ப வண்டி அழகா இருக்கணும்ல?"

"அழகு வேணுமின்டா போட்டோ எடுங்க. மலையில ஏத்தாதீங்க."

கமிட்டிக் கூட்டத்துக்கு நானாவை அழைக்கவில்லை. அங்கே தலைவர் சொன்னது இது: "அவங்க ஆளுங்க வண்டின்னாத்தான் அவருக்கு நல்ல வண்டி." பச்சை வண்டியின் சொந்தக்காரர் முஸ்லிம் அல்ல, ஒரு சிங்களவர் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அவர் தந்த தேநீரைக் குடித்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. வெள்ளை ஜீப் என்று முடிவானது. கூட்டக் குறிப்பில் நான் எழுதினேன்: "அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் பரிசோதனையின் பின் வாகனம் தெரிவு செய்யப்பட்டது." தலைவர் வாசித்துவிட்டு, "இதுதான் மாஸ்டர் படிச்சவங்க எழுத்து" என்றார். அந்த வசனத்தில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. முழு வசனமும் பொய். யாரும் என்னை மிரட்டவில்லை. எப்படியாவது வேலை தொடங்கினால் போதும் என்றிருந்தேன்.

மூன்று மாதம் கீழ் டிவிஷன்களில் எல்லாம் சரியாகவே நடந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள், படங்கள் எடுத்தோம். பிறகு ஒரு மழை நாளில் கேரவன் மேல் டிவிஷனுக்குப் போனது. திரும்பி இறங்கும்போது ஜீப்பின் டேஷ்போர்டில் இருந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன என்று டிரைவர் சொன்னார். கியர் விடுபட்டது. பிரேக் காலோடு அமுங்கிப் போனது. கேரவன் பின்னாலிருந்து தள்ளியது. மண்மேடு ஒன்று தடுத்து, இரண்டும் மடங்கிப் பாதையோர வடிகாணுக்குள் விழுந்தன. பின் இருக்கையிலிருந்த புஷ்பா மிஸ்ஸிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அந்த வளைவுக்கு நேர் கீழே, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அந்த மண்மேடு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உதவி தந்தவர்கள் விளக்கம் கேட்டார்கள். தலைவர் என் வசனத்தைப் பிரதி எடுத்து அனுப்பினார். நிசார் பார்த்துத் தந்த வண்டி என்ற பேச்சு ருவான்வெல்லையிலிருந்து மாவனல்லைக்குப் போக இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. கராஜ் வாசலில் நின்ற முச்சக்கர வண்டிகள் வேறு இடம் தேடிப் போயின. வண்டி வாங்கப் போகிறவர்கள் வேறு ஆளைக் கூட்டிப் போனார்கள். அவருக்கு முன்பே இதய நோய் இருந்தது. நாங்கள்தான் அவரைக் கொன்றோம் என்று சொல்ல எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அவருடைய கடைசி ஏழு மாதத்தில் அவருடைய வேலையை அவரிடமிருந்து பறித்தது நாங்கள். அது எனக்குத் தெரியும்.

விபத்து நடந்த ஐந்தாம் மாதம் நான் அவரைப் பார்க்கப் போனேன். கராஜில் ஒரேயொரு வேன் நின்றது, அவருடைய சொந்த வேன். அதற்கு அடியில் படுத்திருந்தார். நான் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் யோசித்துவைத்த வார்த்தைகள். அவர் வெளியே வரவில்லை.

"எனக்கிட்டச் செல்லி என்னத்துக்கு மாஸ்டர்? எழுதின எடத்துல எழுதுங்க."

"எழுதுறேங்க நானா."

"எழுதிட்டு வாங்க. அதுக்குப் பொறகு பேசுவோம்."

நான் எழுதவில்லை. அடுத்த கூட்டம், அதற்கடுத்த கூட்டம் என்று தள்ளினேன். பிறகு ரோஜாப்பூப் படம் வந்தது.

ஜனாஸாவுக்குப் போனேன். சங்கத்தின் பெயரில் தலைவர் ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தார். முஸ்லிம் வீட்டில் மலர்வளையம் வைப்பதில்லை என்பதை 'உற்ற நண்பர்' என்று எழுதியவர் விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. நானாவின் மகள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மதிலோரம் சாய்த்துவைத்தாள். எங்கள் சங்கத்தின் பெயர் பொன்னிற எழுத்தில் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மிதித்து நொறுக்கவேண்டும் என்று கால் துடித்தது. பிறர் வீட்டுத் துக்கம் என்பதால் அதைத் தொடாமல் உள்ளே போனேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் இரண்டு நிமிட மௌனம் என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். மௌனம் முடிந்ததும் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எழுதிக்கொண்டே சத்தமாக வாசித்தேன்: "வெள்ளை ஜீப் வெள்ளத்தில் மூழ்கியது, மலைப்பாதைக்கு ஆகாது என்று நிசார் தலைவரிடமும் என்னிடமும் நேரில் சொன்னார். அதை மறைத்து முன்பு எழுதியவன் நான்."

"இப்ப எதுக்கு மாஸ்டர் இதெல்லாம்? செத்தவர வச்சி அரசியல் பண்றீங்களா?" என்று தலைவர் எழுந்தார்.

ஊன்றுகோலோடு கடைசி வரிசையில் இருந்த புஷ்பா மிஸ்ஸி கையை நீட்டினாள். "புத்தகத்த இங்க குடுங்க சார். கீழ நானும் கையெழுத்துப் போடுறேன். ஒடஞ்சது என் காலு. யாரால ஒடஞ்சதுன்னு எனக்குத் தெரியணுமில்ல."

அவள் போட்டாள். வேறு யாரும் போடவில்லை. தலைவர் இன்னும் தலைவர்தான். நான் இப்போது செயலாளர் இல்லை. கேரவன் உர ஸ்டோரின் பின்னால் கிடக்கிறது, பெண்கள் மறுபடியும் ஒரு நாள் சம்பளத்தை விட்டு பஸ் ஏறுகிறார்கள்.

இந்த மாதிரி எழுத்துகளில், இறந்தவர் எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போனதாக முடிப்பார்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான், மறுத்துச் சொல்ல அவர் இல்லை. ஆனால் எழுதிவிட்டு வரச் சொன்னார், நான் போகவில்லை. நிசார் நானா என்னை மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை இனி யாருக்காகவும் மாற்றி எழுத மாட்டேன்.