சொந்த மெட்டு

எங்கள் பிள்ளைப்பாக்கம் அம்மன் கோயிலில் ஆடி வெள்ளிக்கு நான்தான் பாட்டு கட்டுவேன். பத்தாவதோடு நின்ற படிப்பு. சொற்களை அம்மன் கொடுத்துவிடுவாள்; மெட்டை சினிமா கொடுக்கும். நான் ஓரடி பாடி நிறுத்த, விளக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். ஒத்திகை வேண்டாம். மெட்டு எல்லார் வாயிலும் முன்பே இருக்கும்.

ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்த சமயம், சென்னையிலிருந்து வந்து இங்கே மனை வாங்கிய ஒருவர் கோயில் கமிட்டிக்குத் தலைவரானார். காதல் பாட்டு மெட்டில் அம்மனைக் கூப்பிடுவது காப்பியடிப்பது என்றார்.

"சொந்தமா ஒரு மெட்டு போட்டுகினு வாம்மா. இல்லன்னா மைக்கு கிடையாது."

சொந்தமாக யோசிக்க நான் எங்கே பழகினேன்? கம்பெனியில் என் வேலை, மாதிரிப் பீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொன்றும் அதேபோல இருக்கிறதா என்று பார்ப்பது. மயிரிழை வேறாக இருந்தாலும் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்துதான் மெட்டை முணுமுணுத்துக் கட்டினேன். ஏதாவது சினிமாப் பாட்டின் சாயல் தட்டினால், அதை மனசுக்குள் சிவப்புத் தொட்டியில் போட்டேன்.

பக்கத்து மேசையில் ஒரு தூத்துக்குடிப் பெண். எங்கள் ஊர்க்கோடி மாதா கோயிலில் பாடுகிறவள். "எந்தப் படம்க்கா?" என்றாள். எந்தப் படமும் இல்லை என்று அம்மன்மேல் ஆணையிட்டேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆடி வெள்ளியன்று முதல் அடியைப் பாடி நிறுத்தினேன். ஒரு குரலும் எழவில்லை. மெட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விளக்குக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். அம்மனுக்காவது பிடித்ததோ என்னவோ, தனியாகவே பாடி முடித்தேன்.

தலைவருக்கு மட்டும் கண் கலங்கியிருந்தது. "இதாம்மா பக்தி. எங்க தாத்தா காலத்துல இதே மெட்டுலதான் பாடுவாங்க" என்றார்.

செப்டம்பரில் மாதா கோயில் திருவிழா. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது ஒலிபெருக்கியில் என் மெட்டு வந்தது. சொற்கள் மாதாவுக்கு, குரல் தூத்துக்குடிக்காரியுடையது. ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டாளே என்று சுருக்கென்றது. நான் என்னவோ சினிமாக்காரர்களைக் கேட்டுவிட்டு எடுத்தவள் மாதிரி. அவள் ஓரடி பாடி நிறுத்தினாள். கூட்டம் அதை ஏற்ற இறக்கம் பிசகாமல் திருப்பிப் பாடியது. பஸ் வந்து ஹாரன் அடித்தது. பாட்டு முடியட்டும் என்று டிரைவருக்குக் கை காட்டினேன்.

திருவிழா முடிகிறவரை தினமும் அந்தப் பாட்டு எங்கள் தெருவில் கேட்டது.

அடுத்த ஆடியில், போன வருஷம் கட்டின அந்தச் சொந்த மெட்டுப் பாட்டையே எடுத்தேன். முதல் அடிக்கே பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள்.

தலைவர் என் காதருகே குனிந்தார். "இன்னாம்மா இது, மாதா கோயில் பாட்டக் காப்பியடிச்சிட்ட?"

"ஒங்க தாத்தா மெட்டுதாங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது அடியை எடுத்தேன்.