ஊறுகாய் ஜாடியில் சுற்றிய கம்பி

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். என் கணவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை, வீட்டில் வயர்லெஸ் பைத்தியம். செகந்திராபாத் குவார்ட்டர்ஸின் துக்குணிக் கொல்லையில் இருந்துகொண்டு, நீள அலையில்தான் செய்தி அனுப்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நீள அலைக்கு ஏரியலும் ஊர்ப்பட்ட நீளம் வேண்டுமாம். துணி காயப்போடும் இடத்தைப் பிடுங்கிக்கொண்டார். அப்படியும் நீளம் போதவில்லை. குறையைச் சரிக்கட்ட, என் ஊறுகாய் ஜாடியைக் கழுவி அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றினார். இந்த ஊர்த் தரை முழுக்கப் பாறை, எர்த் பிடிக்கவில்லை என்றார். குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரை எர்த் குழியில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன், வேறென்ன செய்ய?

விளக்கு வைத்ததும் அவர் ஜாடியருகே உட்காருவார், நான் தந்திச் சாவியருகே. எந்தச் சுற்றில் கவ்வியை மாட்டினால் சக்தி வீணாகாமல் ஏரியலுக்கு ஏறும் என்று தேடவேண்டும். கவ்வியை மாற்றிவிட்டு "அமுக்கு" என்பார். ஏரியல் கம்பியில் கோத்திருந்த டார்ச் பல்பு மங்கலாக எரியும். உதட்டைப் பிதுக்கி "விடு" என்பார். அமுக்கியிருக்கும்போது சுருளைத் தொட்டால் ஷாக்கடிக்கும். அவர் கை அதன்மேல் இருக்கையில் அமுக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியதுண்டு.

ஒரு சாயங்காலம் பல்பு பளிச்சென்று எரிந்தது. சாவியை என்னிடமிருந்து வாங்கித் தட்டினார். நாகப்பட்டினத்திலிருந்து யாரோ பதில் கொடுத்தார்.

என் அம்மா அதே நாகப்பட்டினத்தில், வெளிப்பாளையத்தில், படுத்த படுக்கையாகக் கிடந்தாள். லீவு இல்லை என்று சொல்லி இவர் என்னை அழைத்துப் போகவில்லை.

"ஏங்க, ஒரு எட்டு போய் அம்மாவைப் பாக்கச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

"நக்கோ, நக்கோ, வேண்டாம். அடுத்தவங்க சேதியெல்லாம் இதுல அனுப்பக் கூடாது. லைசென்ஸ் போயிடும். நாளைக்குத் தந்தி குடுத்துக்கலாம்."

என்னைப் பெற்றவள் அடுத்தவங்களாம். அவர் அந்த ஆளோடு கம்பியைப் பற்றியும் சுருளைப் பற்றியும் அளந்துவிட்டு, "அங்க நல்ல மழையாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் நாங்கள் தந்தி கொடுக்குமுன் அங்கிருந்தே வந்துவிட்டது. ராத்திரியே அம்மா போய்விட்டாள். விளக்கு வைத்த பிறகும் நினைவு இருந்ததாம், என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அண்ணன் பிறகு சொன்னான்.

துக்கம் கேட்க வந்தவர்களை அவர் ஜாடியருகே அழைத்துப்போனார். "அன்னிக்கு அங்க மழைன்னு எனக்கு அப்பவே தெரியும். அவ்வளவு சுத்தமா கேட்டுது" என்றார்.